ஆமாம், தியேட்டரில் எழுந்து கத்தியது நான்தான்

ஞாயிற்றுக்கிழமை இடைவேளையில் எடுத்த அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எங்கள் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர் வரை பார்த்துவிட்டார். 'படம் பார்க்க வந்த இடத்தில் பாடம் எடுக்கும் அக்கா' என்று தலைப்பு வேறு. நான் ஏன் கத்தினேன் என்பது மட்டும் அதில் இல்லை.

புகையிலை எதிர்ப்பு விளம்பரம் ஓடியது. முன்வரிசைப் பையன் ஒருவன் பழைய முகேஷ் விளம்பரக் குரலில் பேசிக் காட்டினான். வரிசையே விசிலடித்தது. முகேஷ் நடிகர் இல்லை, 24 வயதில் வாய்ப் புற்றுநோயில் செத்துப்போன நிஜ மனிதர். சரி, அதைக்கூட விட்டுவிட்டேன். கடைசியில் திரையில், புகையை விட நினைப்பவர்கள் கூப்பிட வேண்டிய உதவி எண் வந்தது. பக்கத்தில் இருந்த என் அண்ணன் அதைப் படம் பிடிக்க போனை எடுத்தார். பின்னாலிருந்து ஒரு குரல்: "பாருடா, ஒருத்தர் திருந்தப் போறாரு!" மறுபடியும் சிரிப்பு. அண்ணன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எழுந்தேன்.

அண்ணன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்காக ராத்திரி முழுக்க வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியும், தூக்கம் வராமலிருக்க கையில் என்ன புகையும் என்று. 19 வருஷப் பழக்கம். யாரும் சொல்லாமல் அவரே போனை எடுத்தது அன்றைக்குத்தான்.

விளம்பரத்தைப் பார்த்த உடனே யாரும் சிகரெட்டைத் தூக்கிப் போடுவதில்லை. எனக்கும் தெரியும். உதவி கேட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அந்த விளம்பரம். அந்த நொடியில் சிரிக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"இதைப் பார்த்து எவன் போன் பண்றான்?" என்று வீடியோவின் கீழே கேட்டிருக்கிறார்கள். பண்ணுகிறார்கள். 2012-ல் அமெரிக்காவில், புற்றுநோயால் குரல்வளையை இழந்து, தொண்டையில் துளையோடு இருந்த டெர்ரி ஹால் என்ற பெண்ணையும் அவரைப் போன்ற சிலரையும் டிவியில் பேச வைத்தார்கள். கூடவே உதவி எண்ணும் வந்தது. அந்த 12 வாரங்களில் வந்த அழைப்புகள், முந்தைய வருஷம் அதே வாரங்களில் வந்ததைவிட 132 சதவீதம் அதிகம். விளம்பரம் நின்றதும் அழைப்புகளும் இறங்கிவிட்டன. டெர்ரி அடுத்த வருஷமே இறந்துபோனார். எண்ணைக் கண்ணில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் கூப்பிடுவார்கள்.

"சிகரெட் பாக்கெட் மேலயே நம்பர் இருக்கே." இருக்கிறது, 2018 செப்டம்பரிலிருந்து. காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் பாக்கெட்டாக வாங்குகிறவர் எத்தனை பேர்? பெட்டிக்கடையில் ஒன்று, இரண்டு என்று லூஸில் வாங்கி, தொங்குகிற கயிற்று நெருப்பில் பற்ற வைத்துக்கொண்டு போகிறவர் பாக்கெட்டைத் தொடுவதே இல்லை. எண் கடைக்காரருக்குத்தான் தெரியும். எங்கள் ஆட்களுக்குத் தியேட்டர் திரையை விட்டால் வேறு எங்கே அது கண்ணில் படும்?

"அரசாங்கமே வரி வாங்குது." போய்க் கேளுங்கள், நானும் வருகிறேன். அதற்காக என் அண்ணனைப் பார்த்துச் சிரிப்பீர்களா?

"மனசு வெச்சா போதும், போன் எதுக்கு?" இதற்குத்தான் ராத்திரி தூங்கவில்லை.

எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பீடிக்கட்டு வாங்கி வர என்னைத்தான் அனுப்புவார். மீதிச் சில்லறையில் எனக்குக் கமர்கட். அவர் மனசு வைக்காதவரா? வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுவார். 48 நாள் ஒரு பீடி கிடையாது. அந்த 48 நாளும் தெருவே அவரை 'சாமி' என்று கூப்பிடும். ஒருத்தரும் பீடி நீட்ட மாட்டார்கள், எதிரே பற்ற வைத்தவர் கூட மறைத்துக்கொள்வார். மாலையைக் கழற்றிய அன்றைக்கே, கூட வேலை செய்கிறவர்களே பற்ற வைத்துக் கொடுப்பார்கள். அப்பா அதே அப்பாதான். சுற்றி இருந்த நாங்கள்தான் மாறிவிட்டோம். இருமலோடு டாக்டரிடம் போனபோது "பீடியை விடுய்யா" என்று திட்டு மட்டும் கிடைத்தது. எப்படி விடுவது என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் கேட்கக் கூச்சம். கடைசி வருஷம் நாலு படி ஏற மூச்சு வாங்கும், அப்போதும் பீடிக்கு என்னைத்தான் அனுப்பினார். நானும் போய் வாங்கி வந்தேன்.

அந்த எண்ணில் பேசுகிறவர்கள் செய்வதும் மாலை போடுவது மாதிரிதான். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்கிறார்கள், நிறுத்துவதற்கு ஒரு நாளைக் குறிக்கச் சொல்கிறார்கள், அப்புறம் அவர்களே திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். அப்பாவுக்கு வருஷத்தில் 48 நாள் மட்டும் கிடைத்தது அது. மீதி நாட்களுக்கும் கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. வீடியோவின் கீழே சிரிக்கிற உங்கள் வீட்டிலும் இருமுகிற ஓர் அப்பா இருப்பார். அவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?

நேற்று அண்ணன் அந்த வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். மானத்தை வாங்கிவிட்டாய் என்று திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அந்த நம்பர் இதுல எங்கயாவது தெரியுதா?" என்றுதான் கேட்டார். தெரியவில்லை. எழுந்து நின்ற என் தலை மறைக்கிறது. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாரிக்குப் போனார். இங்கேயும் போடுகிறேன்: 1800-11-2356. காசு கிடையாது. தமிழிலும் பேசுவார்கள்.