ரீமேப் போடுகிறவரிடம் என்ன கேட்க வேண்டும்?

"ரீமேப் போட்டா எத்தனை ஹெச்பி ஏறும்?" எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். ரீமேப் என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் ஃபைலை மாற்றி எழுதுவது. "ஃபைல்ல எதை மாத்துனீங்க?" என்று கேட்பவர் அபூர்வம். அதற்குப் பதில் தெரியாமல் ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாக்கெட்) யாரையும் கேபிள் செருக விடாதீர்கள்.

இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவில் இருக்கும் ஃப்ளாஷ் மெமரியைக் கருவி படித்து, லேப்டாப்பில் ஒரு ஃபைலாக இறக்கும். திறந்தால் வெறும் எண்கள். வின்ஓஎல்எஸ் போன்ற மென்பொருள் அவற்றை அட்டவணையாகவும் முப்பரிமாண வரைபடமாகவும் காட்டும். ஒரு அச்சில் ஆர்பிஎம், இன்னொன்றில் லோடு. உள்ளே எவ்வளவு டீசல், எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தத்தில் என்ற மதிப்புகள். மாற்றியபின், ஃபைல் சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்ணான செக்சத்தைத் திருத்தித் திரும்ப எழுத வேண்டும். செக்சம் தப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம்.

மென்பொருளின் வேலை அவ்வளவுதான். எந்த எண்ணை எவ்வளவு ஏற்றினால் இன்ஜின் தாங்கும் என்பது அதற்குத் தெரியாது.

டீசல் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கேட்ட அளவு டீசல் அப்படியே போய்விடாது. கிளட்சையும் கியர்பாக்ஸையும் காக்க டார்க் லிமிட்டர் இருக்கிறது. அப்புறம், உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ற அளவில் டீசலை நிறுத்த ஸ்மோக் லிமிட்டர். பழைய ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 மல்டிஜெட்டையே எடுங்கள்: 75 பிஎஸ், 190 நியூட்டன் மீட்டர். 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே அதன் டர்போ லேக், அதாவது மிதித்தபின் இழுவை தாமதமாக வருவது, ஓட்டியவர்களுக்குத் தெரியும். நல்ல ட்யூனர் அந்த இடத்தில் பொறுமையாக வேலை செய்வார். அவசரக்காரர் எல்லா மேப்பையும் ஒரே சதவீதத்தில் ஏற்றி, ஸ்மோக் லிமிட்டரையும் திறந்து விடுவார். பிக்கப் வரும்தான். கூடவே கரும்புகையும் வரும், எக்சாஸ்ட் சூடு ஏறும், டர்போ அடிவாங்கும்.

அதனால் ஒரிஜினல் ஃபைலின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ரீமேப்புக்கு முன்னும் பின்னும் ஓட்டி எடுத்த லாக்கை, அதாவது ஈசியூ தரவின் பதிவைக் கேளுங்கள். ஈசியூ கேட்ட ரெயில் பிரஷரும் (டீசல் அழுத்தம்) பூஸ்ட்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) உண்மையில் கிடைத்ததா என்று அதில் தெரியும். தயங்குகிற கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்பையும், எக்சாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆரையும் மென்பொருளிலேயே அணைத்துத் தருவதாகச் சொல்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2015-இல் ஃபோக்ஸ்வேகன் மாட்டியதும் ஈசியூ மென்பொருளில்தான். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி டீசல் வண்டிகள், புகைச் சோதனையில் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டன. டிபிஎஃப்பை அணைத்த வண்டி எப்போதுமே ஒழுங்காக நடக்காது. பின்னால் பைக்கில் வருபவர்தான் அந்தக் கரியைச் சுவாசிக்கிறார். டிபிஎஃப் அடைப்பு விளக்கு எரிந்தால், நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓட்டி ரீஜெனரேஷன் (சேர்ந்த கரி எரிந்துபோவது) நடக்க விடுங்கள். அப்படியும் அணையவில்லை என்றால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் மெக்கானிக்கிடம் போங்கள்.