வெசாக் அன்று வெளியே வருகிறவனுக்கு எந்தக் கந்தோரும் திறந்திருக்காது

ஒவ்வொரு வெசாக்குக்கும் இந்தச் செய்தி வரும். ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் இத்தனை நூறு கைதிகள் விடுதலை என்று. அரசியலமைப்பின் 34 ஆவது உறுப்புரை கொடுக்கிற அதிகாரம் அது. பெப்ரவரி 4 க்கும் நத்தாருக்கும் இதே செய்திதான். மன்னிப்புக் கொடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கலண்டரைப் பார்த்துத்தான் எரிச்சல் வருகிறது. வெசாக் போயாவும் லீவு, அடுத்த நாளும் லீவு. பிரதேச செயலகம் பூட்டு, கிளினிக் பூட்டு, தோட்டத்துக் கந்தோரும் பூட்டு. பல்லேகலைச் சிறையில் கதவு திறந்ததும் கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மஸ்கெலியாவுக்கோ பொகவந்தலாவைக்கோ இன்னொரு பஸ். பின்னேரம் லயத்துக்கு வந்து சேர்கிறவனுக்கு அன்றைக்குக் கடை திறந்து வைத்திருப்பது இரண்டே பேர். ஒருத்தன் கசிப்பு விற்கிறவன், மற்றவன் போதைத்தூள் விற்கிறவன்.

மீள்குற்றத்தைக் குறைக்க நாடு முழுக்கத் திட்டம் போடுகிறோம் என்று கொழும்பில் பேசும்போதெல்லாம் மலையகத்துக்காரர் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். மறியலை விட்டு வெளியே வந்த முதல் 30 நாளுக்கு அந்த ஆளின் ஃபைல் யார் கையில் இருக்கிறது? சிறைச்சாலையின் நலன்புரி உத்தியோகத்தரின் வேலை கேட்டோடு முடிகிறது. பொலிஸின் வேலை அடுத்த முறை பிடிபடும்போது தொடங்குகிறது. நடுவில் யாருமில்லை.

அமெரிக்காவில் 2005 இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களை அரசாங்கமே பின்தொடர்ந்து எண்ணியது. 3 வருடத்துக்குள் 67.8 வீதமும் 5 வருடத்துக்குள் 76.6 வீதமும் திரும்பக் கைதாகியிருந்தார்கள். எல்லோரும் இந்த இரண்டு எண்களைத்தான் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது எண். அந்த 5 வருடத்தில் கைதானவர்களில் 36.8 வீதம் பேர் முதல் 6 மாதத்துக்குள்ளேயே பிடிபட்டிருக்கிறார்கள். போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிடக் கொடுமை. வாஷிங்டன் மாநிலத்தைப் பற்றி 2007 இல் வெளியான ஆய்வில், விடுதலையான முதல் 2 வாரத்தில் சாகும் அபாயம் மற்ற சனத்தைவிட 12.7 மடங்கு. முதற்காரணம் அளவு மீறிய போதைமருந்து. உள்ளே இருக்கும்போது உடம்பு பழைய அளவை மறந்துவிடும், கை மறக்காது. பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். லயத்தில் இப்படி ஒருவன் விடியக்காலையில் எழும்பாவிட்டால் "மாரடைப்பு" என்று சொல்லி அடக்கம் செய்துவிடுகிறோம்.

நம்முடைய கணக்கு எப்படி இருக்கிறது? சிறைச்சாலைகள் திணைக்களம் வருடாவருடம் புள்ளிவிவரம் போடுகிறது. தண்டனை பெற்று வருகிறவர்களை முதல் தடவை வந்தவர், மீண்டும் தண்டிக்கப்பட்டவர், தொடர்ந்து வருகிறவர் என்று பிரிக்கிறது. ஆனால் அது உள்ளே வருகிறவர்களின் கணக்கு. வருடத்தில் மூன்று தரம் தண்டம் கட்டாமல் உள்ளே வருகிற ஒரே குடிகாரன் அதில் மூன்று தடவை ஏறுவான். வெளியே போய்த் திரும்பி வராதவன் அதில் இருக்கவே மாட்டான். திட்டத்துக்குத் தேவை வெளியே போனவர்களின் கணக்கு. ஜனவரி முதல் ஜூன் வரை விடுதலையாகி நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்குத் திரும்பிய எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டு, 12, 24, 36 மாதத்தில் பார்க்க வேண்டும். கைது, குற்றத்தீர்ப்பு, சிறை மூன்றையும் தனித்தனி நிரலில் எழுத வேண்டும். மூன்றையும் கலந்தால், ஒரு மாதம் பொலிஸ் சுற்றிவளைப்பு கூடினாலே திட்டம் தோற்றது போலத் தெரியும். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான யுக்திய பொலிஸ் நடவடிக்கை தொடங்கியதும் கைதுகள் எகிறியதைப் பார்த்தோம்தானே.

எண்ணுவதிலும் நமக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பிறப்புச் சான்றிதழில் "ராமசாமி செல்வராஜ்". பொலிஸ் சிங்களத்தில் எழுதும்போது "செல்வராஜா". நீதிமன்றத்தில் "ஆர். செல்வராஜ்". சிறைச்சாலையில் தகப்பன் பெயர் முன்னுக்கும் பின்னுக்குமாக மாறியிருக்கும். கம்ப்யூட்டர் இவனை மூன்று ஆளாக எண்ணும். அடையாள அட்டை இலக்கத்தையோ கைரேகையையோ வைத்துப் பொருத்தாமல் மலையகத்தில் எந்தக் கணக்கும் சரிவராது.

அடையாள அட்டையிலேயே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் முதல் முடிச்சு அதுதான். கைதாகும்போது தொலைந்த அட்டையைத் திரும்ப எடுக்கப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பதிவுசெய்த ஸ்டூடியோவில் எடுத்த படம் எல்லாம் வேண்டும். விண்ணப்பத்தை ஊரில் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தில் வசிக்கிறவருக்கு அந்தக் கையெழுத்துத் தோட்ட அத்தியட்சகருடையது. அதாவது தோட்டத்து வரவுப் பதிவான செக்ரோலில் இவன் பேரை வெட்டிய அதே துரையிடம் போய்த்தான் இவன் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். முதல் நாள் "பெரிய கணக்கப்பிள்ளையைப் பார்" என்பார்கள், அடுத்த நாள் துரை ஸ்டோரில் இருப்பார். மூன்றாம் நாள் இவன் போகமாட்டான். அட்டை இல்லாவிட்டால் வங்கிப் புத்தகம் இல்லை, ஒழுங்கான வேலை இல்லை, சோதனைச் சாவடியில் நிறுத்தினால் காட்ட ஒன்றுமில்லை. ஆகவே இந்த வேலை விடுதலைக்கு 90 நாளுக்கு முன் உள்ளே இருக்கும்போதே நடக்க வேண்டும். நலன்புரி உத்தியோகத்தர் தோட்டத்துக்குக் கடிதம் போடுகிறார், துரை ஒரே தடவையில் உறுதிப்படுத்தி அனுப்புகிறார், கேட்டில் வைத்து அட்டையைக் கையில் கொடுக்கிறார்கள். இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை.

அதே 90 நாளுக்குள் நிலுவை வழக்குகளையும் தேடிவிட வேண்டும். ஹட்டனில் ஒரு வழக்கு முடிந்திருக்கும், நுவரெலியாவில் பழைய கசிப்பு வழக்குக்குத் தவணைக்குப் போகாமல் பிடியாணை கிடக்கும். உள்ளே இருந்ததால்தான் அவன் தவணைக்குப் போகவில்லை. அது அந்த நீதிமன்றத்துக்குத் தெரியாது. வெளியே வந்து இரண்டாம் கிழமை வீதியில் பிடிபட்டுத் திரும்ப விளக்கமறியல். புதுக் குற்றம் எதுவும் செய்யாமலே புள்ளிவிவரத்தில் "மீண்டும் வந்தவன்" ஆகிவிடுவான். உள்ளே இருக்கும்போதே மற்ற நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தி முடித்திருந்தால் இந்தக் கூத்து இல்லை. சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி மாதம் ஒரு நாள் இந்த வேலைக்கென்றே சிறைக்குப் போனால் போதும்.

திட்டத்துக்குள் எடுக்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் பெரும்பங்கு தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள். 2024 இல் இருந்த 1350 ரூபா அடிப்படை நாட்சம்பளக் கணக்கில் 25,000 ரூபா தண்டம் என்றால் 19 நாள் பேர், அதாவது 19 நாள் முழுச் சம்பளம். சோறு தின்னாமல் 19 நாள். இவர்களுக்கு ஆலோசனை வகுப்பும் வேண்டாம், தியானமும் வேண்டாம். தவணையில் கட்ட விடுகிற அதிகாரம் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலேயே இருக்கிறது. சிறைக்குப் பதிலாகச் சம்பளமில்லாத வேலை கொடுக்க 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் இருக்கிறது. கட்டளை இடுவது சுலபம், அது தோட்டத்தில் எங்கே உடைகிறது என்று பாருங்கள். வேலை நாள் கிழமை நாளில் விழும். காலை 9 மணிக்கு டவுனில் நிற்க வேண்டுமென்றால் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குப் போக முடியாது, அன்றைய பேர் போச்சு, பஸ் காசு வேறு. இரண்டு தடவை போவான், மூன்றாவது தடவை கொழுந்து சீசனில் வரமாட்டான். கட்டளையை மீறினான் என்று வழக்கு, பிடியாணை, சிறை. அதே வேலையை ஞாயிற்றுக்கிழமையில், அவன் டிவிசனிலேயே, பிள்ளைமடுவத்து (குழந்தைக் காப்பகத்து) கூரையிலோ தண்ணீர்த் தாங்கியிலோ லயத்துக் கானிலோ கொடுத்தால் என்ன? மேற்பார்வைக்கு யார் போவது என்று கேட்பார்கள். கோயில் கமிட்டியும் மரண உதவிச் சங்கமும் வரவு இடாப்பு வைத்துத் திருவிழாவே நடத்துகிற சனம் இது. உத்தியோகத்தர் மாதம் ஒரு முறை வந்து இடாப்பைச் சரிபார்த்தால் சரி.

ஆபத்துக் குறைந்தவனை ஆபத்துக் கூடியவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் குறைந்தவன்தான் கெட்டுப்போவான். பல நாட்டு ஆய்வுகளும் திரும்பத் திரும்பக் கண்டது இது. ஆகவே ஆளைப் பிரிக்க ஒரு கேள்விக்கொத்து வேண்டும். முதல் கைது எந்த வயதில், முந்தைய தீர்ப்புகள் எத்தனை, போதைப் பாவனை, கூடித் திரிகிறவர்கள் யார் என்பதெல்லாம் எங்கும் பொருந்தும். ஆனால் வெளிநாட்டுக் கொத்தை அப்படியே தமிழில் போட்டால் கோளாறு வரும். "கடந்த வருடத்தில் எத்தனை தடவை இடம் மாறினீர்கள்?" என்று ஒரு கேள்வி இருக்கும். கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்து, தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, பிறகு வேறு கடைக்குப் போகிற பையன் அதில் நிலையில்லாதவன் என்று விழுவான். மலையகத்தில் அது சாதாரண வாழ்க்கை. இந்தக் கேள்விகளைத் தமிழ் தெரிந்த ஒருவர் நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். சிங்களப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது மதிப்பீடு அல்ல.

வேலை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே மேசன், பேக்கரி, தச்சு பழகினால் என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) தரத்தோடு பழக்குங்கள், சான்றிதழில் சிறைச்சாலையின் பெயரை அடிக்காதீர்கள். தோட்டத்தில் பேர் பதிய மறுத்தாலும் கொந்தரப்பு (ஒப்பந்த) வேலை கிடைக்கும். ஆனால் அதற்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை என்பதை முதலே சொல்லிவிட வேண்டும். லயத்து அறையான காம்பிரா விஷயம் இதைவிட முக்கியம். அம்மாவோ மனைவியோ பேர் பதிந்திருந்தால் அவனுக்குப் படுக்க இடம் உண்டு. பேர் பதிந்தவன் அவன் மட்டும்தான் என்றால் அவன் உள்ளே போன மாதமே காம்பிராவைக் கேட்கத் தொடங்குவார்கள். அப்படியான குடும்பங்களைக் கைதாகிற கிழமையிலேயே கண்டுபிடிக்க வேண்டும், விடுதலையாகிற கிழமையில் அல்ல. வீட்டில் அடிதடிக்காக உள்ளே போனவன் என்றால் கதையே வேறு. அவன் அதே காம்பிராவுக்குத் திரும்புவதா என்று முதலில் மனைவியிடம் தனியாகக் கேட்க வேண்டும், தோட்டத்துத் தலைவர் முன்னிலையில் அல்ல.

யார் செய்வது? 15 பேர் கமிட்டி போட்டு, பெட்டிஸ் தின்று, படம் எடுத்து முகநூலில் போடுகிற வேலை நமக்கு நன்றாக வரும். பிரதேச செயலக மட்டத்தில் மூன்று பேர் போதும். சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தர், தோட்டத்துப் பக்கம் முடிவெடுக்கக்கூடிய ஒருவர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒருவர். ஃபைல் முதலாமவர் கையில். ஒரு நேரத்தில் அவருக்கு 40 ஆளுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது என் கணக்கு. முதல் கிழமை இரண்டு தடவை, பிறகு கிழமைக்கு ஒரு தடவை சந்திப்பு, 30 ஆம் நாள் அட்டை, வேலை, படுக்கை, கிளினிக் நான்கும் சரியா என்று ஒரு தாளில் குறிப்பு. லயத்துக்குப் போய்ச் சந்திக்கப் பஸ் செலவு ஒதுக்காவிட்டால் உத்தியோகத்தர் டவுனுக்கு வரச் சொல்வார், அவன் வரமாட்டான், தாளில் "ஒத்துழைக்கவில்லை" என்று விழும்.

ஹட்டன், நுவரெலியா, பதுளை நீதவான் நீதிமன்றப் பிரிவுகளில் ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கலாம். முதல் படி, 90 நாளுக்குள் விடுதலையாகிறவர்களின் பட்டியலைப் பிரதேச செயலாளர் சிறைச்சாலை அத்தியட்சகரிடம் மாதாமாதம் கேட்டு வாங்குவது. பொதுமன்னிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் பெயரும் அதில் வேண்டும், விடுதலையை லீவு முடிந்த முதல் வேலைநாள் காலைக்கு வைத்தால் இன்னும் நல்லது. பட்டியல் ஃபைல் வைத்திருக்கிற அந்த ஒரு உத்தியோகத்தரோடு நிற்க வேண்டும். தோட்டக் கந்தோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் ஆள் வருமுன்னே லயம் முழுக்கத் தெரிந்துவிடும். பொலிஸ் குழுவுக்குப் போனால் அடுத்த களவுக்கு முதலில் தட்டப்படுகிற கதவுகளின் பட்டியல் அதுவாகிவிடும்.