கைக்குழந்தைக்குத் தேன் வேண்டாம்

ஒருவர், "துளசிச் சாற்றில் தேன் குழைத்து ஆறு மாதக் குழந்தைக்கும் கொடுக்கலாம், சளிக் கிருமியைக் கொன்றுவிடும், அறிவியலே நிரூபித்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

தேனுக்கு ஆதாரம் இருப்பது உண்மைதான். 2007-இல் அமெரிக்காவில் 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், படுக்கும் முன் கொடுத்த தேன் இரவு இருமலைத் தணித்தது. ஆனால் அது இருமலுக்கு இதம். வைரஸைக் கொன்றதாக அந்த ஆய்வு சொல்லவில்லை. சளி பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானாகவே அடங்கிவிடும்.

ஒரு வயது நிரம்பாத குழந்தையின் கதை வேறு. தேனில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் விதைத்துகள்கள் இருக்கலாம். நம் குடலில் அவை சும்மா கடந்து போய்விடும். பச்சிளம் குடலில் முளைத்து நச்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், அப்புறம் பால் உறிஞ்சத் தெம்பில்லாமல் போவது, அழுகை ஈனமாவது, தலை நிற்காமல் தொங்குவது. இந்தத் தளர்ச்சி மூச்சுத் தசை வரைக்கும் போகும். கஷாயத்தில் கொதிக்கவைத்தால் சரியாகிவிடுமே என்றால், அந்த விதைத்துகள் கொதிநீருக்கும் சாகாது. பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை வைக்கும் வீடுகளிலும் தேனைத் தவிர்த்துவிடுங்கள்.

துளசியைப் பொறுத்தவரை, கைக்குழந்தையின் சளியைக் குணமாக்கும் என்று காட்டிய உறுதியான சோதனை எதுவும் இல்லை. மூக்கடைத்துப் பால் குடிக்கத் திணறினால் மூக்கில் விடும் சலைன் (உப்புநீர்) சொட்டு மருந்து போதும். மூச்சு வாங்கினாலோ விலா உள்ளிழுத்தாலோ உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.