சம்பளம் பத்து ஏறினால் வரி இருபத்துமூன்று ஏறுமா?

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் சம்பளச் சீட்டை நீட்டி, "மாமா, சம்பளம் ஏறி அடுத்த வரி வரம்புக்குப் போயிட்டா கையில வர்றது குறைஞ்சிடுமாமே?" என்று கேட்டான். குறையவே குறையாது. 2023-இலிருந்து 2025-26 வரி ஆண்டு வரை, வருஷ வருமானத்தில் 2,37,100 ராண்ட் வரைக்கும் வரி 18 சதவீதம். அதைத் தாண்டுகிற தொகைக்கு மட்டும்தான் 26. அவனுக்கு இது புரிய அரை மணி நேரம் ஆயிற்று.

ஆனால் அந்தச் சீட்டு என்னைத் தூங்கவிடவில்லை. 2023-இல் அவன் வருடச் சம்பளம் 2,30,000. அப்புறம் இரண்டு வருஷமும் ஐந்தைந்து சதவீதம் ஏற்றினார்கள். அதில் பெரும்பகுதி விலைவாசிக்கே சரியாய்ப் போனது. கழிவு (கணக்கிட்ட வரியில் அரசு குறைத்துக்கொள்ளும் தொகை) போக அன்று அவன் கட்டிய வருமான வரி 24,165 ராண்ட். 2025-26-இல் கிட்டத்தட்ட 29,726. சம்பளம் பத்து சதவீதம் ஏற, வரி இருபத்துமூன்று சதவீதம் ஏறியிருக்கிறது! காரணம், 2024, 2025 பட்ஜெட்டுகளில் வரம்புகளையும் கழிவையும் அரசு நகர்த்தவே இல்லை; அதனால் விலைவாசிக்காக ஏறிய சம்பளத்திலும் ஒரு பகுதி 26 சதவீத வரம்புக்குள் போய்விட்டது. வரி விகிதத்தை ஏற்றுகிறோம் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் வருஷத்துக்கு 18,17,000-க்கு மேல் வாங்கியவர் எப்படியும் 45 சதவீத வரம்பில்தான் இருந்தார். அவருக்கு இதனால் கூடுகிற சுமை ஒரு அளவோடு நின்றுவிடும். பல கோடி சம்பாதிப்பவருக்கு அது தூசு.

நான் வரிக்கு எதிரி இல்லை. அதிகம் சம்பாதிப்பவர் அதிக விகிதத்தில் கட்டுவதுதான் நியாயம். ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து இங்கே வந்தவர்களின் வழிவந்த நம்மவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தமும் எழுதாமல் இங்கேயே தங்கிய கூலித் தொழிலாளிக்கு 1895-இல் நேட்டால் (டர்பன் அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் காலனி) அரசு வருஷம் 3 பவுண்டு தலைவரி விதித்தது. ஆரம்பச் சம்பளம் மாசம் 10 ஷில்லிங், அதாவது அரை பவுண்டு. ஆக, ஆறு மாச உழைப்பு அப்படியே வரிக்கு! சம்பாத்தியம் எவ்வளவு என்று பாராமல் தலையை எண்ணிப் பிடுங்கிய வரி அது. 1913-இல் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்தி, சிறைக்குப் போய், அடிபட்டு, 1914-இல்தான் அதை ஒழிக்க முடிந்தது.

அதனால்தான் 2025 பிப்ரவரியில் பொருள் வாங்கும்போது கட்டுகிற வாட் (மதிப்புக்கூட்டு) வரியை 15 சதவீதத்திலிருந்து 17 ஆக்கப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. அரிசி, பருப்புக்கு வாட் இல்லை, சரி. கோழிக்கறிக்கும் சோப்புக்கும் உண்டே! மாசம் 370 ராண்ட் உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவரும் கோடீஸ்வரரும் அதற்கு ஒரே விகிதம்தான் கட்டுகிறார்கள். மார்ச்சில் அந்த உயர்வைக் குறைத்து, ஏப்ரலில் அதையும் கைவிட்டார்கள், நிம்மதியாக இருந்தது.

அரசுக்குப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. உதவித்தொகையும் ஆஸ்பத்திரியும் அதில்தான் நடக்கின்றன. வேண்டுமானால் மேல் வரம்பு விகிதத்தை வெளிப்படையாக ஏற்றட்டும், நாடாளுமன்றத்தில் விவாதிக்கட்டும். கீழ் வரம்புகளை மட்டும் வருஷாவருஷம் விலைவாசியோடு சேர்த்து உயர்த்தியே ஆக வேண்டும். பட்ஜெட்டுக்கு முன்னால் பொதுமக்களிடம் யோசனை கேட்பார்களே, அதற்கு இதையே எழுதி அனுப்பப் போகிறேன். பெயரை மறைத்து அந்தச் சம்பளச் சீட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான் பையன்.