மான் வேட்டையில் அம்பும் தோட்டாவும்

வில் வேட்டை என்றாலே, "பாவம், மான் துடிதுடித்துச் சாகும். துப்பாக்கி என்றால் பட்டென்று முடிந்துவிடும்" என்கிறார்கள். வேட்டையே கூடாது என்பவர்களோடு எனக்கு வாதமில்லை, அது வேறு பேச்சு. ஆனால் அம்புக்கு வலு குறைவு, அதனால் அது கொடூரம் என்கிற கணக்கு தப்பு. நான் வாழும் அமெரிக்காவின் விஸ்கான்சின், 1934-லேயே வில்லுக்கென்று தனி சீசன் வைத்த மாநிலம். செப்டம்பர் வந்தால் இந்தப் பேச்சும் வந்துவிடும்.

எண்களை மட்டும் பார்த்தால் அம்பு தோற்றுத்தான் போகும். இன்றைய காம்பவுண்ட் வில்லின் (முனைகளில் கப்பி வைத்தது) அம்பு விநாடிக்கு 85 மீட்டர் வாக்கில் போகிறது, ரைஃபிள் தோட்டா 800 மீட்டருக்கு மேல். ஆற்றலில் 30, 40 மடங்கு வித்தியாசம். ஆனால் இரண்டும் கொல்லும் விதமே வேறு. வேட்டைத் தோட்டா உடம்புக்குள் போனதும் முனை மலர்ந்து அகலமாகிறது. அது போகும் வேகத்தில் சுற்றியுள்ள தசை விரிந்து கிழிகிறது, எலும்பு நொறுங்குகிறது. இதற்கெல்லாம் அந்த வேகம் வேண்டும். அம்பு அறுக்கிறது, அவ்வளவுதான். முனையில் உள்ள, பிளேடு மாதிரியான இரண்டு மூன்று அலகுகள் இரத்தக் குழாய்களை அறுத்துக்கொண்டே போய், பெரும்பாலும் மறுபக்கம் வெளியே வந்துவிடும். இரண்டு நுரையீரலும் துளைபட்டால் மார்புக்குள் காற்று புகுந்து அவை சுருங்கிவிடும். இரத்தம் கொட்டி, மூளைக்குப் போகும் அழுத்தம் சரிந்து, பத்துப் பதினைந்து விநாடியில் மான் விழுந்துவிடும். அதற்குள் ஐம்பது, நூறு மீட்டர் ஓடியிருக்கும். நுரையீரலில் தோட்டா பட்ட மானும் பல நேரம் ஓடித்தான் விழுகிறது. அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அதனால் அம்பில் முதலில் பார்க்க வேண்டியது கூர்மை. இரத்தக் குழாய் வழுக்கும், வளையும். மழுங்கின கத்திக்குத் தக்காளி நழுவுகிற மாதிரி, மழுங்கின அலகுக்கு அது ஒதுங்கிவிடும். கிழிந்து நசுங்கிய காயத்தில் இரத்தம் சீக்கிரம் உறையும், சுத்தமாக அறுபட்ட இடத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு அலகையும் முன்கையில் வைத்து இழுப்பார். முடி மழிந்தால்தான் அது அம்பில் ஏறும்.

அவரோடு ஒருமுறை தடம் தேடப் போனேன். எய்த உடனே மரத்திலிருந்து இறங்க விடவில்லை, அரை மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தார். துரத்தினால் அடிபட்ட மான் படுக்காமல் ஓடிக்கொண்டே இருக்குமாம். அப்புறம் மேப்பிள் சருகில் கிடந்த முதல் சொட்டைக் காட்டினார்: வெளிர் சிவப்பு, நுண்ணிய நுரை. நுரையீரல், பக்கத்தில்தான் இருக்கும் என்றார், இருந்தது. கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரல், இன்னும் சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையாக நாறினால் குடல். அதுதான் உண்மையான கொடுமை. அந்த மான் பல மணி நேரம் கிடந்து சாகும்.

என் கோபம் இங்கேதான் வருகிறது. இப்போது அறுபது, எழுபது மீட்டரில் எய்துவிட்டு அதை வீடியோவாகவும் போடுகிறார்கள். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர். நாண் சத்தம் அம்புக்கு வெகு முன்னால் மானை எட்டிவிடும். முப்பது மீட்டரிலேயே அம்பு போய்ச்சேர விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிறது, பயந்த மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்த அது போதும். அறுபதில் அந்த நேரம் இரட்டிப்பு. அதற்குள் மான் ஓரடி எடுத்து வைத்தாலே நுரையீரலுக்கு வைத்த குறி குடலில் போய் நிற்கும். தோட்டாவுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது சத்தத்தை முந்திப் போகிறது. தோள் எலும்பில் பட்டாலும் உடைத்துக்கொண்டு போகும், அம்பு பல நேரம் அங்கேயே நின்றுவிடும்.

பிரிட்டன் 1981-இல் சட்டம் போட்டு வில் வேட்டையை அடியோடு தடுத்தது. அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்பேன். டென்மார்க்கில் வில்லோடு காட்டுக்குள் போக, எய்து காட்டித் தேர்வில் தேற வேண்டும். இங்கே பொதுவாக வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்தால் லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது. வில்லைப் பிடிக்கத் தெரியுமா என்று தனியாக யாரும் கேட்பதில்லை. இங்கேயும் அந்தத் தேர்வைக் கொண்டுவர வேண்டும். இருபத்தைந்து மீட்டரில் நின்று, எய்கிற ஒவ்வொரு அம்பையும் மானின் மார்பு அளவு வட்டத்துக்குள் போடத் தெரியாதவருக்கு வில் லைசென்ஸ் கொடுக்கக் கூடாது.