பேர் சொல்லிக் கூப்பிட ஆளிருக்கும் வரை

சாகாமல் வாழ்வது விரும்பத்தக்கதா என்ற பேச்சு எழும்போதெல்லாம், பிரான்சின் ஆர்ல் நகரத்தில் எழுதப்பட்ட ஒரு வீட்டு ஒப்பந்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். 1965இல், 90 வயதான ழான் கல்மான் என்ற மூதாட்டி, தம் காலத்துக்குப் பின் வீட்டை எடுத்துக்கொள்ளலாம், அதுவரை மாதம் 2,500 பிராங்க் தர வேண்டும் என்று 47 வயதான ஒரு நோட்டரியிடம் எழுதிக்கொடுத்தார். முப்பது ஆண்டுகள் பணம் கட்டிய நோட்டரி, வீட்டில் குடியேறாமலேயே 1995இல் இறந்தார். அதன்பிறகு அவருடைய மனைவி கட்டினார். கல்மான் 1997 ஆகஸ்ட்டில், 122 வயதில்தான் கண்மூடினார்.

இந்தக் கதையைக் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்தவன்தான். ஆனால் அந்த வீடு ஏன் ஓர் அயலாருக்குப் போனது? அவருடைய ஒரே மகள் 1934இல் இறந்துவிட்டார். கணவர் 1942இல் போனார். ஒரே பேரனும் 1963இல் விபத்தில் மாண்டார். எழுதிவைக்க வாரிசு என்று ஒருவரும் மிஞ்சவில்லை.

நெடுங்காலம் வாழ்ந்தால் அலுத்துவிடும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. எண்பது வயதிலும் செய்தித்தாளுக்காக வாசலில் காத்திருப்பவர்களை நாம் பார்க்கத்தானே செய்கிறோம். என் தயக்கம் வேறு. என் அப்பத்தா 94 வயது வரை நடமாட்டத்தோடு இருந்தார். ஊரில் சிலருக்கு அவர் பெரியாத்தா, சிலருக்கு ஆயா, மற்றவர்களுக்கு அப்பத்தா. "ஏடி" என்று பெயர் சொல்லி அழைக்க, பக்கத்துத் தெருவில் ஒரே ஒரு தோழி இருந்தார். அவரும் இறந்த வாரத்தில் அப்பத்தா சொன்னார்: "இனிமே எம்பேரு ரேஷன் கார்டுலதான் இருக்கு."

"விருந்து புறத்ததாத் தானுண்டல் சாவா மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று" என்ற குறளை அதற்குப் பிறகுதான் நான் நின்று படித்தேன். விருந்தினர் வெளியே இருக்கத் தனியே உண்பது, அது சாவா மருந்தே ஆனாலும் வேண்டத்தக்கதன்று என்கிறார் வள்ளுவர். அவர் பேச வந்தது விருந்தோம்பலை. நான் அதை மருந்துச் சீட்டாகவே படித்துக்கொள்கிறேன்.

எல்லோருக்கும் நீண்ட ஆயுள் கிடைத்துவிட்டால் இந்தத் தயக்கத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜப்பானில் 1963இல் நூறு வயதைக் கடந்தவர்கள் 153 பேர்தான். 2024இல் 95,000க்கும் மேல். நூறு வயதை எட்டுவோருக்கு அந்நாட்டு அரசு வழங்கும் வெள்ளிக் கிண்ணம், செலவு தாங்காமல், 2016 முதல் வெள்ளி முலாம் பூசிய கிண்ணமாகிவிட்டது. கிண்ணத்தின் மதிப்புக் குறைந்ததை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன், ஏனெனில் நூறு வயதுக்காரருக்கு அங்கே இன்னொரு நூறு வயதுக்காரர் பேச்சுத் துணையாகக் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது.

முடிவே இல்லாத வாழ்வை என்னால் கற்பனை செய்ய இயலவில்லை. ஆகவே அதற்கு ஆசைப்படவும் தெரியவில்லை. நோயில்லாத இன்னொரு ஐம்பது ஆண்டுகள் என்றால், நான் தயார். ஆனால் ஆறாம் வகுப்பில் வைத்த பட்டப்பெயரால் இன்றும் என்னை அழைக்கும் மூன்று பேர் இருக்கிறார்கள். மருந்துக்கடையில் நான்கு பேருக்குச் சேர்த்துக் கேட்பேன். ஒன்றுதான் இருப்பு உள்ளது என்றால் வாங்காமல் திரும்பிவிடுவேன்.