மத்தியானம் இருபது நிமிசம் படுக்க விடுங்க

மதியம் சாப்பிட்டதும் கண்ணு சொக்குறவங்கள பாத்து "தின்னுட்டு தூக்கமா"ன்னு அதட்டுற சூப்பர்வைசருங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணுங்க. அது சோத்தால மட்டும் வர்றதில்ல. சாப்பிடாம இருந்தாலும் ஒரு மணியிலிருந்து மூணு மணிக்குள்ள உடம்பு தானா கொஞ்சம் இறங்கும், உள்ள ஓடுற கடிகாரமே அப்படித்தான். அதை சோம்பேறித்தனம்னு சொல்றது எனக்கு சுத்தமா பிடிக்கல.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில, தைச்சு வர்ற பீஸ சரிபாக்குற செக்கிங்ல இருக்கேன். ஒன்றரை ஷிப்ட்டுன்னா காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரை ஆகும், அதுக்கு முன்னாடி நாலரைக்கே எந்திரிச்சு சோறாக்கி புள்ளைங்கள கிளப்பி விட்டுட்டு வர்றவங்கதான் இங்க பாதிப்பேர். சாப்பாட்டு நேரத்துல பத்து நிமிசத்துல டிபன் பாக்ஸ மூடிட்டு அட்டைப்பொட்டிய பிரிச்சுப் போட்டு கட்டிங் டேபிளுக்கு அடியிலயே படுத்துக்குவாங்க. துணி ஓரத்த தைக்குற ஓவர்லாக் மிஷின்ல இருக்குற அக்கா ஒருத்தங்க தூங்கறப்ப பாத்திருக்கேன், ரெண்டு கை விரலும் துணிய தள்ளுற மாதிரியே அசையும். எந்திரிச்சதும், "கனவுலயும் பீஸ் வந்துட்டே இருக்கு கண்ணு, தைக்கத் தைக்க ரெண்டு கையும் ஒரே பக்கம் போய் ஒட்டிக்குது"ன்னாங்க. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க, எனக்கு சிரிப்பு வரல.

ஏன்னா இது நெசமாவே நடக்கிற விசயம். 2000ல அமெரிக்காவுல ஸ்டிக்கோல்டுன்னு ஒரு விஞ்ஞானி மேல இருந்து விழுற கட்டைங்கள அடுக்குற டெட்ரிஸ்ங்கிற கம்ப்யூட்டர் கேம ஆளுங்கள ஆட விட்டு, தூக்கம் வர்ற நேரத்துல கண்ணுக்குள்ள என்ன தெரியுதுன்னு கேட்டார். நெறைய பேருக்கு கட்டை கட்டையா விழுந்துட்டே இருந்துச்சாம். அதுல ஞாபகசக்தி போன அஞ்சு பேரும் இருந்தாங்க, கேம் ஆடுனதே அவங்களுக்கு நினைவில்ல, ஆனா அதுல மூணு பேருக்கும் அதே கட்டை தெரிஞ்சிருக்கு! மனசு மறந்தாலும் பாத்த வேலைய மூளை விடறதில்ல. 2021ல பாரிஸ்ல இன்னொண்ணு பண்ணாங்க, ஒரு கணக்கக் குடுத்து நடுவுல கொஞ்ச நேரம் கண்ண மூட விட்டாங்க, கண்ணு சொக்குற அந்த அரைத்தூக்கத்துல பதினஞ்சு செகண்டாவது இருந்தவங்கள்ல 83 சதவீதம் பேர் அதுல ஒளிஞ்சிருந்த குறுக்குவழிய கண்டுபிடிச்சுட்டாங்க, முழிச்சே இருந்தவங்கள்ல 30 சதவீதம்தான். ஆழமா தூங்கிட்டவங்களுக்கும் அந்த பலன் இல்ல, அதனாலதான் குட்டித் தூக்கம்னு சொல்றேன்.

விமானம் ஓட்டுறவங்களுக்கே நாசா இதை சோதிச்சிருக்கு. பசிபிக் கடல தாண்டுற நீண்ட பயணத்துல ஒவ்வொருத்தரா முறைபோட்டு 40 நிமிசம் ஓய்வு குடுத்தாங்க, சராசரியா 26 நிமிசம் தூங்குனாங்க, இறங்குற நேரத்துல தூங்காதவங்கள விட நல்லா சுதாரிப்பா இருந்தாங்க. பைலட்டுக்கு சரின்னா நிமிசத்துக்கு ஆயிரக்கணக்குல தையல் போடுற ஊசிக்கு முன்னாடி விரல வச்சிருக்கிறவங்களுக்கு ஏன் கூடாது?

சட்டத்துல இல்லாத புதுசா ஒண்ணும் நாங்க கேக்கல. 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே அஞ்சு மணி நேரத்துக்கு மேல இடைவெளியில்லாம வேலை வாங்கக்கூடாது, அரைமணி நேரமாவது ஓய்வு குடுக்கணும், 150 பேருக்கு மேல இருந்தா ஓய்வறை வேணும்னு எழுதி வச்சாங்க. எத்தன எடத்துல அந்த ரூம்ல அட்டைப்பொட்டி அடுக்கியிருக்குன்னு உள்ள வேலை செய்யுறவங்களுக்கு தெரியும். நம்ம மாநிலத்துல துணிக்கடையில நிக்கிற பொண்ணுங்க உக்காரதுக்கே 2021 வரைக்கும் காத்திருந்து சட்டம் வாங்க வேண்டியிருந்துச்சு, படுக்கறதுக்கு இன்னும் எத்தன வருசம்ங்க?

புரொடக்சன் போயிரும்னு ஓனர்மார் சொல்வாங்க. மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் தையல் தப்பி, திருத்தி என் டேபிளுக்கு திரும்பி வர்ற ஆல்ட்ரேஷன் பீஸையும் காலைல வர்றதையும் தனித்தனியா எண்ணிப் பாருங்க. எண்ணிட்டு அந்த ரூம காலி பண்ணி நாலு பாயும் ஒரு ஃபேனும் போடுங்க, இருபது நிமிசத்துல மணி அடிச்சு எழுப்ப நாங்களே ஆள் வச்சுக்கறோம்.